கைக்கடிகாரமும் அதன் போலிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆண்டு மலர் என்றால் கோயில் வரலாறும் புலவர் பெருமையும் மொழிச் சிறப்பும் இடம்பெறுவதே வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு மனிதனின் மணிக்கட்டில் அடங்கிவிடுவது. பெயர்பெற்ற கைக்கடிகாரங்களைப் பார்த்து அவற்றைப் போலவே செய்யப்பெறும் போலிகளைப் பற்றியும், அப்போலிகளை விரும்பித் தேடிச் சேர்க்கும் பொழுதுபோக்கு காலந்தோறும் மாறிவந்த வகையைப் பற்றியும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இது மலருக்குத் தக்க பொருள்தானோ என வினவும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். முதலமடையிலும் அதனைச் சூழ்ந்த எல்லைப் பகுதிகளிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பாட்டனாரோ தந்தையாரோ அணிந்த பழைய கைக்கடிகாரம் ஒன்று, அநேகமாக வீட்டுக்கு ஒன்று, பெட்டிக்குள் உறங்கிக் கிடக்கிறது. அண்மைக் காலத்தில் அவற்றை விலை பேச ஆட்கள் வரத் தொடங்கியுள்ளனர். அதே வேளையில் நம் குடியிருப்பின் இளைஞர் சிலர், பல இலட்சம் பெறும் கடிகாரத்தின் பெயரைத் தாங்கிய நகல்களைச் சில ஆயிரங்களுக்கு வாங்கி அணிகின்றனர். மெய்யான பொருள் ஒன்று வீட்டை விட்டு வெளியேறுகையில் பொய்யான பொருள் ஒன்று உள்ளே வருகிறது. இவ்விரண்டும் எவ்வாறு ஒரே காலத்தில் நேர்ந்தன என்பதை அறிய வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பொழுதை அளக்கும் தொழில் நம்மவர்க்குப் புதியதன்று. பாசறையில் இருக்கும் அரசனுக்கு நீர்க்கடிகாரம் பார்த்துப் பொழுது சொன்ன நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. எனினும் நாழிகை பொதுவானது. ஊருக்கோ அரண்மனைக்கோ உரியது. தனியொருவன் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பொழுது மேனாட்டிலிருந்து வந்தது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் கணக்கைக் கொண்ட 'சென்னை நேரம்' நெடுங்காலம் இந்திய இரயில்வேக்களின் நேரமாக விளங்கியது. 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான் இன்று நாம் வைத்துள்ள இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. நாள்தோறும் மாலை 4 மணிக்குத் தந்திக் கம்பி வழியே நிலையங்கள் யாவற்றுக்கும் நேரக் குறிப்புச் செல்லும். ஆலமரங்கள் நிழல் விரித்த நம் முதலமடை நிலையத்தின் வழியே பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் மீட்டர்கேஜ் வண்டி ஓடிய காலத்தில், நிலையக் கடிகாரமே சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் ஆசான். கையில் கடிகாரம் கட்டியவர் அங்கே வந்து தம் முட்களைத் திருத்திக்கொள்வதும் ஒரு பெருமையாகவே கருதப்பட்டது.

இனிப் போலியின் வரலாற்றுக்கு வருவோம். கடிகாரம் எவ்வளவு பழமையானதோ, அதன் போலியும் ஏறக்குறைய அவ்வளவு பழமையானது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் தாமஸ் டாம்ப்பியன் என்னும் பெரும் தொழில்வல்லார் இருந்தார். அவர் பெயரைப் பொறித்த போலிக் கடிகாரம் ஒன்று பழுது பார்ப்பதற்காக அவரிடமே வந்ததென்றும், அவர் அதைச் சுத்தியலால் நொறுக்கிவிட்டு, தாம் செய்த கடிகாரம் ஒன்றை வந்தவருக்குக் கொடுத்தனுப்பினாரென்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், கடிகாரத்தில் செய்தவர் பெயரும் ஊரும் பொறிக்கப்பட வேண்டும் என்று இங்கிலாந்தில் 1698ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது உண்மை. பெயர் கட்டாயமாயிற்று, பெயருக்கு விலை ஏறிற்று, விலை ஏறியதும் பெயரைத் திருடுவோரும் பெருகினர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தைகளில் 'இலண்டன்' எனப் பொறித்த மலிவான பைக்கடிகாரங்கள் குவிந்தன. அவை பெரும்பாலும் ஜெனீவா வட்டாரத்தில் செய்யப்பட்டவை. டச்சுக்காரர் விரும்பும் பாங்கில் அலங்கரிக்கப்பட்டவை. 'டார்ட்ஸ், இலண்டன்' என்பது அவற்றில் அடிக்கடி காணும் பெயர். அப்பெயருடைய கடிகாரக்காரர் எவரும் இலண்டனில் இருந்ததாக அறிஞர் கண்டாரில்லை! உண்மையான ஒருவரின் பெயரைத் திருடுவது ஒரு வகை; இல்லாத ஒருவரையே படைத்து அவருக்கு இலண்டன் முகவரியும் அளிப்பது மற்றொரு வகை. இரண்டாவதில் ஒரு நகைச்சுவை உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விந்தை யாதெனில், அன்று ஏமாற்றுப் பொருளாக விற்கப்பட்ட அக்கடிகாரங்கள், இன்று 'டச்சுப் போலிகள்' என்னும் தனிப்பெயருடன், அவை போலிகள் என்பது தெரிந்தே சேர்க்கப்படுகின்றன. போலி சேர்க்கும் பொழுதுபோக்கின் முதற்படி இதுவே எனலாம்.

பாரிசு நகரில் தொழில் நடத்திய ஆபிரகாம் லூயி பிரெகே என்பவர் போலிகளால் மிகவும் தொல்லையுற்றார். 1795ஆம் ஆண்டை ஒட்டி அவர் ஓர் உபாயம் கண்டார். கடிகார முகத்தில், சாய்வான வெளிச்சத்தில் நோக்கினால் மட்டுமே புலப்படும்படி, தம் கையொப்பத்தை மிக மெல்லிய கீறலாகப் பொறிக்கத் தொடங்கினார். இரகசியக் கையொப்பம் என்று அதற்குப் பெயர். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் ரோலக்ஸ் நிறுவனம், முகக் கண்ணாடியின் 6 மணிப் பக்கத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு கிரீடக் குறியை ஒளிக்கதிரால் பொறிக்கத் தொடங்கியதும் இதே உபாயத்தின் தொடர்ச்சியே.

கடிகாரம் என்றாலே சுவிட்சர்லாந்து, போலி என்றாலே கீழ்த்திசை நாடுகள் என்பது இன்று பலர் மனத்தில் பதிந்த எண்ணம். வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. 1870களில் அமெரிக்க நாட்டு வால்தம் தொழிற்சாலை, இயந்திரங்களைக் கொண்டு மலிவாகவும் துல்லியமாகவும் கடிகாரம் செய்து புகழ் பெற்றிருந்தது. அப்போது 'பி.எஸ். பார்ட்லெட்' என்னும் வால்தம் பெயரை ஒட்டி, 'பார்ட்லி' என ஓரிரு எழுத்துகள் மட்டும் மாறிய பெயர்களோடு கடிகாரங்கள் அமெரிக்கச் சந்தையில் இறங்கின. அவற்றைச் செய்து அனுப்பியவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்களே! 1876ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் நடந்த பெரும் கண்காட்சிக்குச் சென்று அமெரிக்கத் தொழில்முறையை நேரில் கண்டு திரும்பிய சுவிஸ் தொழிலறிஞர்கள், நம் தொழில் பிழைக்க வேண்டுமானால் நாமும் இயந்திர முறைக்கு மாற வேண்டும் எனத் தம் நாட்டாரை எச்சரித்தனர். போலியில் தொடங்கிய நாடு, தரத்தால் உயர்ந்து, பின்னர் தன் பெயரைப் பிறர் திருடுகின்றனர் என முறையிடும் நிலையை அடைந்தது. இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று என்பது கீழே விளங்கும்.

ஏழைத் தொழிலாளியும் வாங்கத்தக்க கடிகாரம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று கனவு கண்டவர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ரோஸ்கோப். 1867இல் அவர் 20 பிராங்கு விலையில் ஓர் எளிய பைக்கடிகாரத்தை வெளியிட்டார். உறுப்புகள் குறைவு, உறுதி மிகுதி. அது வெற்றி பெற்றதும் 'ரோஸ்கோப் முறை' என்னும் சொற்களைப் பொறித்த தரங்கெட்ட நகல்கள் உலகெங்கும் பரவின. இறுதியில் போர்த்துகீசிய மொழியில் அவர் பெயரே மட்டமான கடிகாரத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஏழைக்காக உழைத்த ஒருவரின் பெயரை, ஏழைகளுக்கு விற்கப்பட்ட போலிகள் கெடுத்த கதை இது.

இந்தியாவுக்கு நல்ல சுவிஸ் கடிகாரங்கள் வந்தது ஃபேவர் லூபா போன்ற நிறுவனங்களின் வழியே. 1737ஆம் ஆண்டில் வேர்கொண்ட அந்நிறுவனத்தார் 1865இலேயே இந்தியச் சந்தையில் கால் பதித்தனர். 1886இல் பம்பாயில் தோன்றிய வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியோ இந்தியாவையும் அதனை அடுத்த கீழ்த்திசை நாடுகளையும் நம்பியே வாழ்ந்தது. அதன் 'சோவார்' என்னும் கடிகாரம் குதிரைப்படை வீரனின் பெயரைத் தாங்கியது. படைவீரர்களிடையே அது பெரும் புகழ் பெற்றது. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்டு சன்ஸ் கடையின் முகப்பைக் கண்டு வருவதே கிராமத்திலிருந்து சென்றவர்க்கு ஒரு யாத்திரை. அந்நாளில் கடிகாரம் வாங்குவது நிலம் வாங்குவது போன்றது. விலைச்சீட்டும் உத்தரவாதச் சீட்டும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கப்பட்டன.

நம்மவரிடையே போலிக் கடிகாரம் பெருகியதற்குக் காரணம் பேராசை மட்டுமன்று. பற்றாக்குறையும் ஒரு பெருங்காரணம். நாடு விடுதலை பெற்றபின் அன்னியச் செலாவணியைக் காக்க வேண்டி வெளிநாட்டுக் கடிகார இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதே காலத்தில்தான் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் போடும் வழக்கமும் வேரூன்றியது. சைக்கிள், வாட்ச், டிரான்சிஸ்டர் ரேடியோ என்னும் மூன்றையும் எண்ணிப் பெண்ணைப் பெற்றோர் உறக்கமிழந்த காலம் அது. தேவை ஏறிற்று, சரக்கு இல்லை.

1961ஆம் ஆண்டு பெங்களூரில், ஜப்பான் நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு, இந்திய அரசின் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தோன்றியது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்னும் பெயர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரைப் போல நம் நாவில் பழகின. ஆயினும் வேண்டிய அளவுக்குக் கடிகாரம் கிடைக்கவில்லை. பதிவு செய்து காத்திருந்தவர் பலர். எனவே கடல் வழியே கள்ளச் சரக்கு வந்தது. அதன் அளவை அறிய ஒரு சான்று போதும். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவைப் புரட்டிப் பார்க்கலாம். சாதாரணமாகக் குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது. ஆனால் தங்கம் முதலிய சிலவற்றைக் கள்ளச் சரக்கென்று நம்பிப் பறிமுதல் செய்தால், அது கள்ளச் சரக்கன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருந்தவர் தலையில் விழும் என்கிறது அப்பிரிவு. அவ்வாறு பெயர் சுட்டி அங்கே குறிக்கப்பட்ட பொருள்களில், தங்கத்தின் வரிசையில் கைக்கடிகாரமும் நிற்கிறது! அரிசியோ துணியோ பெறாத மதிப்பை அது பெற்றதென்றால், எத்தனைக் கடிகாரங்கள் கரை இறங்கியிருக்க வேண்டும் என்பதை அன்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கள்ளச் சரக்குக்கு விலைச்சீட்டு கிடையாது, உத்தரவாதம் கிடையாது, திருப்பிக் கொடுக்கக் கடையும் கிடையாது. இந்த இருட்டில்தான் போலி செழித்தது. சீக்கோ, சிட்டிசன், ரிக்கோ, ரோமர், கேமி என்று பெயர் சொல்லிக் கொடுத்தால், வாங்குபவர் முகப்பைப் பார்த்து மகிழ்ந்து கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார். உள்ளே இருந்த மெஷின் எதுவென்று பழுது பார்ப்பவர் மூடியைத் திறந்தபோதுதான் தெரியவந்தது. சுங்கத்தாரிடம் முறையிட முடியுமோ? முறையிட்டால் முதற்குற்றவாளி தாமே ஆவார். ஏமாந்தவர் வாய் திறக்க இயலாத வாணிகம் அது.

பர்மா பஜாரைப் பற்றி இங்கே ஒரு சொல். பர்மாவில் 1962இல் ஆட்சி மாறியபின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர் கையில் ஒன்றுமின்றித் தாயகம் திரும்பினர். அவர்கள் பிழைப்புக்கென்று 1969இல் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே அமைந்த கடைத்தெருவே அது. பின்னாளில் வெளிநாட்டுச் சரக்குக்கும் 'டூப்ளிகேட்' சரக்குக்கும் அத்தெரு பெயர் பெற்றது. அதைக் கொண்டு அம்மக்களைப் பழிப்பதை நாம் ஏற்பதில்லை. புலம்பெயர்ந்தவர்க்கு முதலில் கிடைப்பது நடைபாதைதான். அந்த நடைபாதையில் எதை விற்றால் அன்று மாலை உலை கொதிக்குமோ அதையே அவர்கள் விற்றனர். புலம்பெயர்ந்து வாழும் நாம் இதை உணர்ந்துகொள்ள அதிக முயற்சி தேவையில்லை.

'டூப்ளிகேட்' என்ற ஆங்கிலச் சொல் நம் பேச்சில் 'போலி' என்னும் பொருளில் ஊன்றியதும் ஏறக்குறைய இக்காலத்தில்தான். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்று திரும்பிய பாலக்காட்டு இளைஞர்களின் கையில் மின்னிய கடிகாரம் எதுவாயினும், 'ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?' என்ற வினா அதனைத் தொடர்ந்தது. அக்காலத்தில் போலியைத் தெரிந்தே வாங்கியவர் அதை மறைத்தார். தெரியாமல் வாங்கியவர் வெட்கப்பட்டார். சேர்த்து வைத்து மகிழ்ந்தவர் எவருமிலர்.

1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் சீக்கோ நிறுவனம் 'அஸ்ட்ரான்' என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. சாவி கொடுக்கும் வில்சுருள் போய், பாட்டரியால் துடிக்கும் படிகம் வந்தது. சில ஆண்டுகளில் ஹாங்காங் நகரில் குவார்ட்ஸ் மெஷின்கள் மூட்டை மூட்டையாக மலிந்தன. போலி செய்வோர்க்கு இது பெருவாய்ப்பு. எந்தப் பெயரையும் முகத்தில் அச்சிட்டு, உள்ளே ஒரு மலிவான செல் மெஷினை வைத்தால் போதும், நேரமும் சரியாகவே காட்டும். ஆனால் இதே வசதி போலியைக் காட்டிக்கொடுக்கவும் செய்தது. சாவிக் கடிகாரத்தின் வினாடி முள் வழுக்கிச் செல்வதுபோல் நகரும். குவார்ட்ஸ் முள்ளோ வினாடிக்கு ஒருமுறை தாவும். ரோலக்ஸ் என்று பெயரிட்ட கடிகாரத்தில் முள் தாவினால் அது போலி என்று சிறுவரும் சொல்லிவிடலாயினர். (1977 முதல் சில காலம் ரோலக்ஸ் நிறுவனமே குவார்ட்ஸ் கடிகாரம் செய்து விற்றது, அதை வைத்திருந்த சிலர் வீண்பழிக்கு ஆளாகியிருக்கவும் கூடும்.)

இந்நிலையில் தமிழகத்தில் நேர்ந்த மாற்றம் நம் கவனத்துக்கு உரியது. டாட்டா நிறுவனத்தாரும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கினர். ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. 1987 முதல் அதன் குவார்ட்ஸ் கடிகாரங்கள் கடைகளுக்கு வந்தன. அழகிய கடை, விலைச்சீட்டு, உத்தரவாதம், பழுது பார்க்கும் நிலையம் என்னும் நான்கும் சேர்ந்து கள்ளச் சரக்கின் மோகத்தைக் குறைத்தன. சுங்க அதிகாரிகள் பல்லாண்டு முயன்றும் முழுமையாகச் செய்ய முடியாததை நல்ல சரக்கு பெருமளவு செய்து முடித்தது என்பது நம் கருத்து. ஆனால் வரலாற்றின் சக்கரம் நிற்பதில்லை. டைட்டன், சொனாட்டா, ஃபாஸ்ட்ராக் என்னும் பெயர்களிலேயே பின்னர்ப் போலிகள் தோன்றின! 1865 முதல் இந்தியருக்குக் கடிகாரம் விற்ற ஃபேவர் லூபாவை 2011இல் அதே ஓசூர் நிறுவனம் விலைக்கு வாங்கியதும், 2023இல் அது வேறோர் இந்திய நிறுவனத்தாரிடம் கைமாறியதும் கிளைக்கதைகள், விரிக்கின் பெருகும்.

2001ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளோடு இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. வெளிநாட்டுக் கடிகாரம் வெளிப்படையாகக் கடைகளில் அமர்ந்தது. இனிப் போலிக்கு வேலையில்லை என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். கிடைக்காத பொருளுக்கு மாற்றாக இருந்த போலி, எட்டாத பொருளுக்கு மாற்றாகத் தன்னை மாற்றிக்கொண்டது. இங்கேதான் நாம் முதலிற் கூறிய பொழுதுபோக்கு முழு உருவம் பெறுகிறது.

சீன நாட்டில் 1955ஆம் ஆண்டிலேயே டியான்ஜின் நகரில் கைக்கடிகாரம் செய்யப்பட்டது. சுவிட்சர்லாந்தின் வீனஸ் நிறுவனத்திடமிருந்து கருவிகளை விலை கொடுத்து வாங்கி, 1960களில் தம் விமானப் படைக்கு வினாடி அளக்கும் கடிகாரத்தையும் அவர்கள் செய்தனர். இது திருட்டன்று, முறையான வாணிகம். அதே தொழிற்பயிற்சியின் வழிவந்தவர்கள் பிற்காலத்தில், காப்புரிமைக் காலம் முடிந்த ஈ.டி.ஏ. 2824 என்னும் சுவிஸ் தானியங்கி மெஷினை உறுப்புக்கு உறுப்பு ஒத்திருக்குமாறு செய்யலாயினர். இதுவும் சட்டத்துக்கு உட்பட்டதே. சுவிட்சர்லாந்திலேயே செலிட்டா என்னும் நிறுவனம் அதைப் போன்றதைச் செய்து விற்கிறது. மெஷினை ஒத்துச் செய்வது ஒன்று, பிறர் பெயரை முகத்தில் அச்சிடுவது வேறொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெயரைத் தொடாமல் வடிவத்தை மட்டும் ஒத்துச் செய்து, தம் சொந்தப் பெயரையே போட்டு விற்கும் நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றை வாங்குபவரை நாம் குறை கூறோம்.

ஆனால் அந்த மெஷினைப் பெற்றதும் குவாங்சோ, ஷென்சென் வட்டாரப் பட்டறைகள் போலித் தொழிலை வேறோர் உயரத்துக்குக் கொண்டு சென்றன. முதலில் முள் தாவுவது நின்றது. பிறகு மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது வினாடிக்கு 8, என்னும் மெய்க்கடிகாரத்தின் துடிப்பே போலியிலும் வந்தது. தேதியைப் பெரிதாக்கும் சிறு குமிழ்க் கண்ணாடி சரியான அளவில் பெரிதாக்கிற்று. மேலே குறித்த கிரீடக் கீறலும் கண்ணாடியில் ஏறிற்று. இறுதியாக, ரோலக்ஸ் தன் பட்டறைக்கு வெளியே எவருக்கும் விற்காத 3135 என்னும் மெஷினையே பார்த்துப் பார்த்து நகல் எடுத்தனர். பழுது பார்ப்பவர் மூடியைத் திறந்தாலும் உடனே சொல்ல இயலாத நிலை வந்தது.

இத்தகையவற்றை உலகெங்கும் பலர் இன்று தெரிந்தே வாங்குகின்றனர். எப்பட்டறையின் எந்த ஆண்டுப் பதிப்பு மெய்க்கு எவ்வளவு நெருங்கியது என்று ஒப்பிட்டுப் பேசுகின்றனர். ஒரு கோட்டின் தடிப்பு, ஓர் எழுத்தின் வளைவு, கைப்பட்டையின் கண்ணி ஆகியவற்றில் மயிரிழை வேற்றுமையையும் ஆராய்கின்றனர். கண்ணாடியையும் முட்களையும் மாற்றிப் போலியை மேலும் மெய்யாக்குவதிலேயே மாதங்களைச் செலவிடுகின்றனர். அவர்களுடைய கூரிய நோக்கை நாம் மறுக்கவில்லை. மெய்க்கடிகாரம் அணிந்த பலருக்கு அதில் பாதி அறிவும் இல்லை. நாணத்துக்குரியதாக இருந்த போலி, நுண்ணறிவைக் காட்டும் களமாக மாறியது. நூறாண்டு வரலாற்றில் இதுவே பெரிய மாற்றம்.

எனினும் நமக்கு ஓர் ஐயம் உண்டு. சேர்ப்பவர் அறிந்தே சேர்க்கிறார். அவர் எவரையும் ஏமாற்றவில்லை என்றே கொள்வோம். அவருக்குப் பின் அப்பேழை யார் கைக்குப் போகும்? வேறுபாடு காண முடியாத அளவுக்கு ஒரு பொருளைச் செம்மையாக்கிவிட்டு, அதைப் பற்றிய உண்மையை மட்டும் தம் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு ஒருவர் மறைந்தால், அவர் மக்கள் அதனை மெய்யென்றே நம்புவர். இடர் வந்த நாளில் மெய்யென்றே விற்பர். அல்லது அடகு வைப்பர். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 103, 104ஆம் பிரிவுகள் பொய்க்குறி இடுவோர்க்கும் அப்பொருளை விற்போர்க்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றன. தக்க எச்சரிக்கையோடு நடந்தும் அறியாமல் விற்றதாக மெய்ப்பித்தால் தப்பலாம். ஆனால் அதை மெய்ப்பிக்க அலைபவர் யார்? இத்தாலி, பிரான்சு நாடுகளிலோ வாங்கி வைத்திருப்பவரையே தண்டிக்க இடமுண்டு. வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நலம்.

இனி, பெட்டிக்குள் உறங்கும் பழைய கடிகாரத்துக்கு வருவோம். எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலைகள் மூடப்படப் போகின்றன என்ற செய்தி 2014இல் பரவியதும், அதுவரை எவரும் தீண்டாத ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் திடீரென்று கிராக்கி ஏறிற்று. 2016ஆம் ஆண்டு சனவரியில் மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஊர் ஊராகச் சென்று பழைய கடிகாரம் வாங்குவோர் தோன்றினர். அவ்வாறு வாங்கப்படுபவற்றுள் பல மும்பை முதலிய நகரங்களின் பட்டறைகளை அடைகின்றன. அங்கே பழுத்த முகப்பு சுரண்டப்படும். பளிச்சென்ற நீலமோ செம்மஞ்சளோ பூசப்படும். புதிய எழுத்து அச்சேறும். ஒரு கடிகாரத்தின் கூடு, மற்றொன்றின் மெஷின், வேறொன்றின் முட்கள் என்று ஒட்டுப்போட்டு, இலேசான பாலிஷ் கொடுத்தால் ஒரு 'பழைய சுவிஸ் கடிகாரம்' பிறந்துவிடும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டனர். ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், கேமி, எச்.எம்.டி. பைலட் ஆகியவை இதற்கு மிகுதியும் ஆளாயின.

சீனப் பட்டறையின் போலியைவிட இது கொடியது என்பது நம் துணிபு. அது புதிய உலோகத்தில் பொய் எழுதுகிறது. மெய்க்கடிகாரம் எங்கோ நலமாகவே இருக்கிறது. இதுவோ மெய்யையே உடைத்துப் போலியைச் செய்கிறது. ஐம்பது ஆண்டு வெயிலும் வியர்வையும் பட்டு மஞ்சளித்த ஒரு முகப்பு அழிந்தால் அது அழிந்ததுதான். மீண்டும் எவராலும் செய்ய இயலாது. மூன்று மெய்க்கடிகாரம் அழிந்து ஒரு போலி பிறக்கிறது. அந்த மூன்றில் ஒன்று கோவிந்தாபுரம் சாவடியைக் கடந்து சென்ற, மாந்தோப்பில் கூலி வேலை செய்து சேர்த்த காசில் வாங்கிய நம் பாட்டனாரின் கடிகாரமாகவும் இருக்கலாம். அதற்கு அவர்கள் தரும் விலையோ ஒரு நாள் சந்தைச் செலவுக்குக் கூடப் போதுவதில்லை.

ஆகவே பெட்டியைத் திறந்து பார்க்க எண்ணும் அன்பர்களுக்காகச் சில குறிப்புகள். முகப்பின் எழுத்து மங்கியிருந்தாலும் கோடு கூர்மையாக இருந்தால் அது பெரும்பாலும் பழைய முகப்பே. எழுத்து தடித்து, மை பரவி, 'சுவிஸ்' என்னும் சொல் விளிம்பில் கோணி நின்றால் மறுபூச்சு என்று கொள்ளலாம். ஐம்பது ஆண்டுக் கூட்டில் நேற்றுப் பூத்த பூவைப் போன்ற முகப்பு இருந்தாலும் ஐயுற வேண்டும். முகப்பில் உள்ள பெயரும் மெஷினில் பொறித்துள்ள பெயரும் இசைகின்றனவா என்று பார்த்தல் நன்று. பழைய கடிகாரத்தைத் துலக்கக் கொடுக்கும்போது 'முகப்பில் கை வைக்க வேண்டா, எண்ணெய் மட்டும் மாற்றுக' என்று தெளிவாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பல முகப்புகள் ஏமாற்றால் அழியவில்லை. பளபளப்பாக்கித் தர வேண்டும் என்னும் பழுது பார்ப்பவரின் நல்லெண்ணத்தாலேயே அழிந்தன.

பழுது பார்ப்பவரைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே குனிந்து அமர்ந்திருந்த அத்தொழிலாளர் கொல்லங்கோட்டிலும் பொள்ளாச்சியிலும் பேருந்து நிலையத்தின் அருகே தவறாது இருந்தனர். செல் மாற்றுவதும் பட்டை மாற்றுவதுமே தொழிலாகிவிட்டபின் அவர்தம் மக்கள் வேறு தொழிலுக்குச் சென்றனர். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடிகாரத்தைக் கழற்றித் துலக்கி முடித்ததும், பின்மூடியின் உட்புறத்தில் ஊசிமுனையால் தம் அடையாளக் குறியையும் தேதியையும் மிகச் சிறிதாகக் கீறிவிடுவர். அடுத்த முறை வரும்போது கணக்குத் தெரிவதற்காக. கடிகாரக்காரர் உலகெங்கும் பின்பற்றிய வழக்கம் அது. நாற்பது ஆண்டு அணிந்த கடிகாரத்தின் மூடியில் பத்துப் பன்னிரண்டு கீறல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பட்டறைப் போலி எதிலும் நாம் இதைக் கண்டதில்லை. இவ்வாண்டு விழாவின் கண்காட்சி மேசையில் சில பழைய கடிகாரங்களை மூடி திறந்த நிலையில், உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வைக்கக் கருதியுள்ளோம். தம் வீட்டுக் கடிகாரத்தையும் விலைச்சீட்டு இருப்பின் அதனையும் கொண்டுவர விரும்புவோர் விழாவுக்கு முந்திய நாள் மாலைக்குள் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகின்றோம்.